முழுத் தேர்ச்சிக்காக நீக்கப்பட்ட ஒன்பது பேர்

அனுப்புநர்:
பொருளியல் ஆசிரியை,
மேல்நிலைப் பிரிவு,
அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்பு – பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலிலிருந்து மாணவர் ஒன்பது பேர் நீக்கப்பட்டது – அவர்களை மீண்டும் சேர்த்து நுழைவுச்சீட்டு வழங்கக் கோருதல் – பிப்ரவரி 20, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் ஜனவரி 30.
2. அம்மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நான் கொடுத்த கடிதம், நாள் பிப்ரவரி 12.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை இரண்டில் காணும் கடிதமும் என்னுடையதுதான் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். கையெழுத்தும் என்னுடையதே. மனுக் கொடுத்து, அதைத் திரும்பப் பெற்று, ஆறே நாளில் அதே மனுவோடு மறுபடி வந்து நிற்கும் ஒருத்தியைத் தாங்கள் நம்புவது கடினம். அந்தக் கடிதம் என்ன விலைக்கு என்னிடமிருந்து வாங்கப்பட்டது என்பதைப் பத்தி 11-இல் எழுதியிருக்கிறேன். அதுவரை பொறுமையுடன் படிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

1. நான் இப்பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பொருளியல் பாடம் நடத்தி வருகிறேன். இதுநாள்வரை எவர் மீதும் புகார் எழுதியதில்லை. ஆசிரியர் அறையில் மின்விசிறி ஓடாத இரண்டு கோடைகளில்கூட எழுதியதில்லை.

2. சென்ற ஜூலை மாதம் "ஊக்குவிப்பு" என்ற பாடத்தை நடத்தினேன். பாடநூலில் உள்ள நான்கு வரி விளக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதே வழக்கம். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறும் என்பதால், இம்முறை நூலகரின் அனுமதியோடு ஒரு சிறு சோதனை செய்தோம். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தால் ஒரு நட்சத்திரம். இரண்டு வாரத்தில் அதிக நட்சத்திரம் பெறுபவரின் பெயர் கரும்பலகையில் ஒரு மாதம் இருக்கும். முதல் வாரம் நூலகரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. இரண்டாம் வாரம் பதினாறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தைத் தொட ஆளில்லை. ஒரு மாணவன் ஒரே நாளில் ஒன்பது புத்தகம் எடுத்தான். அவற்றில் மூன்று கோழி வளர்ப்பு பற்றியவை. அவன் வீட்டில் கோழி கிடையாது. வகுப்பே வயிறு குலுங்கச் சிரித்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். மூன்றாம் வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "நாம படிக்கச் சொல்லலையே டீச்சர், எடுக்கத்தானே சொன்னோம். சொன்னத அவங்க ஒழுங்கா செஞ்சிருக்காங்க" என்றாள். நாற்பது நிமிடப் பாடத்தை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

3. இம்மனுவில் "மாணவி" என்று நான் குறிப்பிடுவது அவளைத்தான். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பதால் வகுப்பில் அவளுக்கு "வக்கீல்" என்று பெயர். தாயார் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். தகப்பனார் இல்லை. அண்ணன் ஒருவன், தண்ணீர்க் கேன்களை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குகிறான். அவள் முதல் வரிசை மதிப்பெண் வாங்கும் பிள்ளை அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித்தான் வருகிறாள். பொருளியலில் அறுபது, அறுபத்தைந்து எடுப்பாள்.

4. அக்டோபரில், ஒவ்வொருவரும் தம்மைச் சுற்றி உள்ள ஏதேனும் ஓர் ஊக்குவிப்பைக் கவனித்து, அது எதற்காக வைக்கப்பட்டது, உண்மையில் என்ன செய்கிறது என்று நான்கு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பேருந்து ஓட்டுநரின் மகன், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அப்பாவுக்குப் பாராட்டு என்பதால், கைத்தடியோடு ஏறுபவர்கள் நிற்கும் நிறுத்தங்களை அப்பா பார்க்காததுபோல் தாண்டிப் போவதை எழுதினான். எழுதிவிட்டு, "இத அப்பாகிட்ட காட்டிராதீங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டான். மாணவி எடுத்துக்கொண்டது, தேர்வு எழுதிய அனைவரும் தேறிய பள்ளிக்கு நம் துறை தரும் முழுத் தேர்ச்சி விருதை.

5. எங்கள் பள்ளியின் மாடிப்படிச் சுவரில் ஒவ்வோர் ஆண்டின் வகுப்புப் புகைப்படமும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதைத் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது பார்த்திருக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் ஒரு படம். அதே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது இன்னொரு படம். மாணவி படிக்கட்டில் நின்று எட்டு ஆண்டுப் படங்களில் தலைகளை எண்ணியிருக்கிறாள். விருது அறிவிக்கப்படுவதற்கு முன், இரு படங்களுக்கும் இடையே ஒருவர் அல்லது இருவர் குறைந்திருக்கிறார்கள். விருது வந்த முதல் ஆண்டு அறுபத்தொன்று ஐம்பத்துநான்காயிற்று. சென்ற ஆண்டு அறுபத்துமூன்று ஐம்பதாயிற்று. முதல் ஆண்டு காணாமற்போன ஏழு பேரில் அவளுடைய அண்ணனும் ஒருவன். அந்தப் பதினொன்றாம் வகுப்புப் படத்தில் அவன் இரண்டாம் வரிசை ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான்.

6. அவள் எழுதியதன் நகல் இணைப்பு 2-ஆக உள்ளது. அதிலிருந்து சில வரிகளை மட்டும் இங்கே தருகிறேன்: "நூற்றுக்கு நூறு காட்ட இரண்டு வழி உண்டு. தேர்ச்சி பெறுபவர்களைக் கூட்டலாம். தேர்வு எழுதுபவர்களைக் குறைக்கலாம். இரண்டாவது வழி சுலபம். நம் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. அவருக்கு வைத்த பரிசு அப்படி. வேறு யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இதைத்தான் செய்ய ஆசை வரும். எனவே ஆளை மாற்ற வேண்டாம், எண்ணும் முறையை மாற்ற வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணினால் போதும்."

ஐயா, பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதும் கட்டுரைகளையும் நான் படித்திருக்கிறேன். தன் அண்ணனின் படிப்பைப் பறித்த மனிதரைப் பற்றி எழுதும்போது, அவர் கெட்டவர் இல்லை என்று எழுத ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு முடிந்திருக்கிறது. அதைத் திருத்திய அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. முழு மதிப்பெண் போட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு பக்கத்தையும் ஆசிரியர் அறைக்கு வெளியே உள்ள அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். பிள்ளை நன்றாக எழுதியிருக்கிறாள் என்று காட்டவே அப்படிச் செய்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று காட்டவும்தான். ஒன்றரை நாள் அது அங்கே இருந்தது.

7. இரண்டாம் நாள் மதியம் தலைமையாசிரியர் அவர்கள் என்னை அழைத்தார். நான்கு பக்கமும் அவர் மேசை மேல் இருந்தன. சத்தம் போடவில்லை. "பொருளாதாரம் சொல்லிக்கொடுங்க டீச்சர், போலீஸ் வேலை சொல்லிக்கொடுக்காதீங்க" என்றார். எண்ணிக்கை தவறா என்று கேட்டேன். "அந்தக் கூட்டத்துல நாப்பது பேருக்கு முன்னால எழுந்து நின்னது நீங்க இல்ல" என்றார்.

அவர் எந்தக் கூட்டத்தைச் சொன்னார் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். முழுத் தேர்ச்சி காட்டாத பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று, தோல்வியுற்ற ஒவ்வொரு மாணவருக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அவ்வழக்கம் தங்கள் காலத்துக்கு முன்பே தொடங்கியது என்பதை அறிவேன். இன்றும் தொடர்கிறது என்பதையும் மரியாதையுடன் குறிப்பிடுகிறேன். எங்கள் தலைமையாசிரியர் இருபது ஆண்டு கணித ஆசிரியராக இருந்தவர். தோற்ற பிள்ளைகளைத் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்து இலவசமாகச் சொல்லிக்கொடுத்தவர். மூன்று பிள்ளைகள் தோற்றதற்காக நாற்பது பேர் நடுவே நின்றுவிட்டு வந்த நாள் முதல் அவர் வேறு மனிதர்.

8. இனி என் குற்றத்தை எழுத வேண்டும். ஜனவரி 8 அன்று, "சிறப்புக் கவனம் தேவைப்படுவோர்" என்ற தலைப்பில் ஒரு பட்டியல் ஆசிரியர்களிடம் சுற்றுக்கு வந்தது. ஒன்பது பெயர்கள். மாணவியின் பெயர் ஐந்தாவது. அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண்ணில் தவறியிருந்தாள்; பொருளியலில் அறுபத்தொன்று. மாலை வகுப்பு நடத்துவதற்காகத்தான் பட்டியல் என்று அலுவலக எழுத்தர் சொன்னார். மாலை வகுப்புக்குப் பாட ஆசிரியர் அனைவரின் கையெழுத்தும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று நெஞ்சறிய எனக்குத் தெரியும். கையெழுத்திட்டேன்.

காரணமும் எழுதிவிடுகிறேன். என் கணவருக்கு இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. திங்கள், புதன், வெள்ளி நான்கு மணிக்கு அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அந்த மூன்று நாளும் எனக்குக் கடைசிப் பாடவேளை வராதபடி கால அட்டவணையை மாற்றித் தந்தவர் இதே தலைமையாசிரியர்தான். நான் கேட்காமலே, அவராகவே செய்த உதவி அது. எழுத்தில் எதுவும் கிடையாது. எழுத்தில் இல்லாத உதவி எந்த நாளும் நிற்கலாம். அந்தப் பட்டியலைக் கையில் வாங்கியபோது என் கண்ணில் பட்டது ஒன்பது பெயர்கள் இல்லை, மருத்துவமனைச் சுவர்க் கடிகாரம்.

9. ஜனவரி 19 முதல் ஐந்து நாட்கள், ஒன்பது பேரின் பெற்றோரும் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டனர். "குடும்பச் சூழ்நிலை காரணமாக மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முன்பே தட்டச்சு செய்த தாளில் அவர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. ஒன்பது குடும்பத்துக்கும் ஒரே வாரத்தில் ஒரே சூழ்நிலை வந்திருப்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். மாணவியின் தாயார் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர். அவரிடம் சொல்லப்பட்டதை அவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: "இப்பக் கையெழுத்துப் போட்டா நன்னடத்தைச் சான்றிதழ்ல நல்ல புள்ளன்னு எழுதுவோம், இல்லன்னா பெயிலும் ஆவா, நடத்தையும் சரியில்லன்னு வரும்னாங்கம்மா. ஒரு வருஷம்தானே, அடுத்த வருஷம் தனியா எழுதிக்கலாம்னாங்க. பொம்பளப் புள்ளைக்கு நடத்தை சரியில்லன்னு எழுதிட்டா அப்புறம் எங்கம்மா கொண்டு போவேன்?"

10. ஜனவரி 28 அன்று மாணவி சான்றிதழை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள். சீருடையில் இல்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் என்னைப் பார்த்து நின்றாள். "டீச்சர், லிஸ்ட்ல நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அழுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சற்று யோசித்துவிட்டு, "உங்களுக்கு என்ன வச்சாங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் கேலி இல்லை, கோபமும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவள் உண்மையாகவே புரிந்துகொண்டிருந்தாள். ஒருவர் ஒன்றைச் செய்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே. கணவரைப் பற்றியும் கடைசிப் பாடவேளையைப் பற்றியும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அது நியாயமான காரணம்தான் டீச்சர்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்திவிட்டு நடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து இதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் ஒரு கவளத்தைக்கூட அவளை நினைக்காமல் விழுங்கியதில்லை.

11. பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன்.

ஜனவரி 30 அன்று தங்களுக்கு முதல் மனுவை அனுப்பினேன். "ஒரு வருஷம்தானே" என்ற சொல் மெய்யா என்று தெரிந்துகொள்ள, பிப்ரவரி 1 ஞாயிறு அன்று, சென்ற ஆண்டு நீக்கப்பட்ட பதின்மூன்று பேரின் வீடுகளைத் தேடிப் போனேன். பதினொரு பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது. பதினொருவரில் ஒருவர்கூடத் தனியாகத் தேர்வு எழுதவில்லை. ஒருவன் இரும்புப் பட்டறையில் இருக்கிறான். இருவர் துணிக்கடையில். ஒருத்தி கையில் குழந்தையோடு கதவைத் திறந்தாள்; என்னைப் பார்த்ததும் குழந்தையை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 6 அன்று, என் மனு தங்கள் அலுவலகத்திலிருந்து "உரிய நடவடிக்கைக்காகவும் கருத்துரைக்காகவும்" என்ற குறிப்போடு எங்கள் தலைமையாசிரியருக்கே வந்து சேர்ந்தது. யார் மீது புகாரோ அவரிடமே விசாரணை. இது தங்கள் கவனத்துக்கு வராமல் நடந்திருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன். பிப்ரவரி 9 முதல் எனக்குக் கடைசிப் பாடவேளை மூன்று நாளும் திரும்ப வந்துவிட்டது. அன்று முதல் பக்கத்து வீட்டுத் தையல்காரர் என் கணவரை அழைத்துப் போகிறார். இதை ஒரு புகாராக இங்கே வைக்கவில்லை. என் கணவரே, "ஊசி குத்துறது எனக்கு, நீ பக்கத்துல நின்னு என்ன பண்ணப் போற? போய் எழுது" என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 11 அன்று தலைமையாசிரியர் மறுபடி அழைத்தார். மனுவை நான் திரும்பப் பெற்றுக்கொண்டால், மாணவி ஒருத்தியின் பெயரை மட்டும் பட்டியலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். "ஒம்பது பேரையும் கேட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. ஒண்ணு வேணுமா, பூஜ்யம் வேணுமா?" என்று கணித ஆசிரியர் மாதிரியே கேட்டார். நான் யாரிடமும் கலந்துகொள்ளவில்லை. மறுநாளே, தவறான தகவலால் எழுதிவிட்டேன் என்று பொய்க் காரணம் காட்டிக் கடிதம் கொடுத்தேன். அன்று மாலையே மாணவியின் வீட்டுக்கு ஓடிச் செய்தி சொன்னேன். "மத்த எட்டுப் பேரு?" என்று கேட்டாள். முதலில் நீ எழுது என்றேன். அவள் தாயாரைப் பார்த்தாள், தாயார் என்னைப் பார்த்தார். "சரி டீச்சர்" என்றாள். அவளும் குழந்தைதானே ஐயா, எழுத ஆசை இருக்காதா? அடுத்த நான்கு நாளும் ஆங்கில இலக்கணத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள்.

பிப்ரவரி 16, திங்களன்று எழுத்தர் என்னிடம், இணையத்தில் பள்ளிகளுக்கான பதிவு சனிக்கிழமையே மூடிவிட்டது, இனிப் பெயர் சேர்ப்பது மாவட்டக் கல்வி அலுவலரின் தனி உத்தரவால் மட்டுமே முடியும், அதற்கும் வெள்ளி மாலை ஐந்து மணியே கெடு என்று தெரிவித்தார். தலைமையாசிரியரிடம் கேட்டேன். முயன்றதாகச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆக, ஒருத்திக்காக எட்டுப் பேரை விட்டுக்கொடுத்தேன். அந்த ஒருத்தியும் கிடைக்கவில்லை.

12. அன்று மாலை எட்டுப் பேரில் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். பள்ளிக் கால்பந்து அணியில் கோல் காப்பவன். அதனால் எல்லோரும் "கோலி" என்பார்கள். கணிதம் அவனுக்கு எட்டிக்காய், ஆனால் ஒருநாளும் வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. நடந்து முடிந்த கதை அவனுக்கு இன்னும் தெரியவில்லை. "வக்கீலுக்கு ஹால் டிக்கெட் வருதாமே டீச்சர். சந்தோஷம்தான். எங்களுக்கு எதுல குறைஞ்சதுன்னு மட்டும் சொல்லிருங்க" என்றான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், பதிலுக்காக நின்றான்.

அவனை உட்கார வைத்து, நான் செய்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். செவ்வாயன்று மாணவியிடமும் சொன்னேன். அவள், "ஒன்பது பேருக்கும் சேர்த்து எழுதுங்க டீச்சர். முதல்லயே அப்படித்தானே எழுதினீங்க" என்று மட்டும் சொன்னாள். இணைப்பு 1-இல் உள்ள ஒன்பது பெயர்களும் பதிவு எண்களும் அவள் கையெழுத்தில் உள்ளவை. தன் பெயரைக் கடைசியில் எழுதியிருக்கிறாள்.

13. தங்கள் முன் எழக்கூடிய ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இவர்கள் எழுதினால் தேறுவார்களா? ஐந்து பேர் தேறுவார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இருவர் தட்டுத்தடுமாறித் தேறலாம். இருவர் ஒரு பாடத்தில் தவறக்கூடும். பொய் சொல்லி அனுமதி வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தேர்வு எழுதித் தோற்றவருக்கு ஜூன் மாதத்தில் மறுதேர்வு உண்டு. எழுதாதவருக்கு அது கிடையாது. தோற்றவன் ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். நீக்கப்பட்டவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் பள்ளி இல்லாமல், ஆசிரியர் இல்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டே. தோற்பதற்கான வாய்ப்பையாவது இவர்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஓர் ஆசிரியை இப்படிக் கேட்க வேண்டிய நிலை வந்ததே என்று வெட்கமாக இருக்கிறது.

14. காலம் மிகக் குறைவு. தேர்வு மார்ச் 2-ஆம் தேதி தொடங்குகிறது. வரும் திங்கள், பிப்ரவரி 23 அன்று மாணவியை மருந்துப் பொட்டலம் கட்டும் கூடத்தில் வேலைக்குச் சேர்க்கத் தாயார் பேசி முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? அண்ணன் தண்ணீர்க் கேனைத் தூக்கப் போன முதல் நாளும் "அடுத்த வருஷம் எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனானாம். இப்போது அவன் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று தாயார் சொன்னார்.

15. எனவே நான் பணிவுடன் வேண்டுவது:

(அ) இணைப்பு 1-இல் உள்ள ஒன்பது பேரையும் பொதுத் தேர்வுக்கான பட்டியலில் மீண்டும் சேர்க்கத் தங்கள் தனி உத்தரவை வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் வழங்க வேண்டும்.

(ஆ) பெற்றோர் கொடுத்ததாகக் காட்டப்படும் ஒன்பது விண்ணப்பங்களையும் பள்ளியிலிருந்து வரவழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும். ஒரே தட்டச்சு, ஒரே எழுத்துப்பிழை. "சூழ்நிலை" என்ற சொல் ஒன்பதிலும் "சூல்நிலை" என்றே இருக்கிறது.

(இ) இம்மனுவைத் தயவுசெய்து மீண்டும் எங்கள் பள்ளிக்குக் கருத்துரைக்காக அனுப்ப வேண்டாம்.

(ஈ) பட்டியலில் கையெழுத்திட்டதற்கும், பொய்க் காரணம் காட்டி மனுவைத் திரும்பப் பெற்றதற்கும் என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அதைத் தேர்வு முடிந்தபின் எடுத்தால் நன்று. அதுவரை இவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மாணவியின் வீட்டு முன்னறையில் நேற்று முதல் ஒன்பது பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியரும் இன்று வந்தார். அவரும் அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டவர்தான். வந்ததும், சுண்ணக்கட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

விருதுத் திட்டத்தைப் பற்றி நான் எதுவும் கோரவில்லை. அது தங்களுக்கும் மேலே தீர்மானிக்கப்படுவது. என் மாணவி எழுதிய நான்கு பக்கத்தையும் தங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது படித்துப் பார்த்தால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் பிள்ளைகளும் பெற்றோரும் தங்கள் அலுவலகத்துக்கு வருவோம். கோஷம் போட மாட்டோம், வழியை மறிக்க மாட்டோம். அப்படி யாரும் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உத்தரவு கிடைத்தால் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்பதற்காக, ஆளுக்கு இரண்டு புகைப்படமும், பழைய நுழைவுப் படிவமும், மாற்றுச் சான்றிதழின் அசலும் கொண்டுவருவார்கள். வரவேற்பறை பெஞ்சில் ஆறு பேர்தான் உட்காரலாம் என்பது மூன்று முறை வந்து காத்திருந்ததில் எனக்குத் தெரியும். மற்றவர்கள் நின்றுகொள்வார்கள்.

தங்கள் முடிவு "இயலாது" என்பதாகவே இருந்தால், அதை எழுத்தர் வழியாகச் சொல்லி அனுப்பாமல், தாங்களே வெளியே வந்து அவர்களிடம் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, பெயர் சொல்லி, இன்னது குறைந்தது, ஆகவே நீ எழுத முடியாது என்று சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதை என்னைச் சொல்லச் சொன்னால், ஐயா, என்னால் முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
பொருளியல் ஆசிரியை

நாள்: பிப்ரவரி 18, புதன்
இடம்: மாணவியின் வீட்டு முன்னறை

இணைப்புகள்:
1. ஒன்பது மாணவரின் பெயர், பதிவு எண் – ஒரு தாள்.
2. மாணவியின் கட்டுரை நகல் – நான்கு பக்கங்கள்.
3. சென்ற ஆண்டு நீக்கப்பட்டவர்களில் பதினொருவரின் இன்றைய நிலை, அவரவர் கையெழுத்துடன் – இரண்டு தாள்கள்.